சிரிப்பதற்கு முன்னால் வலி தீர வேண்டும்

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆனந்த் படத்தை இப்போதுதான் பார்த்தேன். என் சிறுவயது நண்பனுக்கு வாய்ப் புற்றுநோய். கழுத்துக்குப் பரவிவிட்டது, இனி வைத்தியம் இல்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவனிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. படத்தில் வருவதுபோல் நிஜத்திலும் ஒருவரால் கடைசி வரை சிரித்துக்கொண்டே இருக்க முடியுமா? நான் அவனைச் சிரிக்க வைக்க என்ன செய்ய வேண்டும்?" கேட்டிருப்பது சினிமாவைப் பற்றி. ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "தெருமுனை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்துவிடுகிறேன்." அந்த வரியைத்தான் உங்கள் கேள்வியாக எடுத்துக்கொள்கிறேன். இன்னும் கொஞ்ச நாளில் இல்லாமல் போகப்போகிற நண்பன் பக்கத்தில் போய் எப்படி உட்காருவது, என்ன பேசுவது, என்ன செய்வது.

நான் நர்ஸ். ஆஸ்பத்திரிகளில் பாலியேட்டிவ் என்கிறார்களே, அந்த நோய் ஆதரவு சிகிச்சையில் பல வருஷமாக வேலை பார்க்கிறேன். காசிமேடு, ராயபுரம், கொருக்குப்பேட்டை, எர்ணாவூர் என்று வீடு வீடாகப் போவதுதான் வேலை. நான் டாக்டர் இல்லை. உங்கள் நண்பரின் கேஸ் ஷீட்டையும் பார்க்கவில்லை. அதனால் எந்த மருந்து, எவ்வளவு என்று இங்கே எழுத மாட்டேன். மற்ற விஷயங்களில் உறுதியானது எது, ஆளுக்கு ஆள் மாறுவது எது என்று பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் படம். ரிஷிகேஷ் முகர்ஜி 1971-இல் இந்தியில் எடுத்தது. ஆனந்தாக வரும் ராஜேஷ் கன்னாவுக்குக் குடலில் புற்று. அமிதாப் பச்சன் அவரைப் பார்த்துக்கொள்ளும் டாக்டர் பாஸ்கர். நோயாளி தெருவில் போகிற முன்பின் தெரியாதவரை "முராரிலால்" என்று கூப்பிட்டு வம்புக்கு இழுத்து நண்பராக்கிக்கொள்கிறார். டாக்டரோ முகம் சுண்டிப்போய் உட்கார்ந்திருக்கிறார். அந்த இடம் அப்படியே நிஜம். படுத்திருப்பவரைவிடப் பக்கத்தில் நிற்பவர் அதிகம் இடிந்துபோயிருப்பதை நான் எத்தனையோ வீடுகளில் பார்க்கிறேன். நம் ஊரிலும் 1965-இல் பாலசந்தர் இயக்கிய முதல் படமான நீர்க்குமிழியில் நாகேஷ் ஆஸ்பத்திரியைக் கலகலப்பாக்கும் நோயாளியாக வந்தார். சாகப்போகிறவர் சிரிப்பார் என்பது சினிமாக்காரர்கள் கட்டிவிட்ட கதை இல்லை. துறைமுகத்தில் லோடு ஏற்றிக்கொண்டிருந்த ஒருவருக்கு நாக்கை எடுத்துவிட்டார்கள். மூக்கு வழியாகக் குழாயில்தான் கஞ்சி. மனைவி ஊற்றி முடித்ததும், பிள்ளையின் பழைய ரூல்டு நோட்டை இழுத்து "உப்பு பத்தல" என்று எழுதிக் காட்டினார். அந்தம்மா அழுதுகொண்டே சிரித்தார். நானும்தான்.

ஆனால் அவர் அப்படி எழுதியது, வலிக்கு மருந்து சரியாகப் போக ஆரம்பித்த பிறகு. அதற்கு முந்தின வாரம் அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். யார் வந்தாலும் திரும்பவில்லை. நான் சொல்ல வந்ததே இதுதான். ஆனந்தின் சிரிப்புக்கு அடியில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, தனக்கு என்ன நோய், எவ்வளவு தூரம் போய்விட்டது என்று அவருக்குத் தெரியும். இன்னொன்று, படம் முழுக்க அவரை வலி பெரிதாக முடக்கவில்லை. உங்கள் நண்பருக்கு இந்த இரண்டும் இருப்பதாக உங்கள் கடிதத்திலிருந்து தெரியவில்லை. அப்படியிருக்க, அவரைச் சிரிக்க வைக்கும் பொறுப்பை உங்கள் தலையில் ஏற்றிக்கொண்டு தெருமுனையில் நிற்கிறீர்கள். அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள், தம்பி. உங்கள் வேலை வேறு. அது இதைவிட எளிது, பலனும் அதிகம்.

சினிமா தேர்ந்தெடுக்கும் நோய்களைக் கவனித்திருப்பீர்கள். குடல், ரத்தம், மூளை. முகத்தைத் தொடாத நோய்கள். கைக்குட்டையில் ஒரு துளி ரத்தம், அதோடு சரி. வடசென்னையில் நான் அதிகம் பார்ப்பது வாயும் தொண்டையும்தான். மாவா, ஹான்ஸ் என்கிற மெல்லும் புகையிலை, பீடி, அதோடு குடியும் சேர்ந்து பல வருஷம் வேலை செய்த பிறகு வருகிற நோய். கன்னத்தில் ஓட்டை விழும், வாய் விரல் அளவுகூடத் திறக்காது, எச்சில் நிற்காமல் வழியும். நாற்றம் வரும். நாற்றத்தைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், அதனால் நான் பேசுகிறேன். நண்பர்கள் வராமல் போவதற்கு அது பெரிய காரணம். நோயாளிக்கும் அது தெரியும். அதனால் அவரே "யாரும் வர வேண்டாம்னு சொல்லிடு" என்பார். இதற்கு வழி இருக்கிறது. மெட்ரோனிடசோல் என்ற சாதாரண மாத்திரையைப் பொடித்துப் புண்ணின் மேலும் துணியிலும் தூவுவது எங்கள் தினசரி வேலை. நாற்றத்தை உண்டாக்கும் கிருமிகளை அது அடக்கும். இரண்டு மூன்று நாளில் வித்தியாசம் தெரியும். உப்புத் தண்ணீரில் கழுவி, சுத்தமான காட்டன் துணி வைத்து, நாளுக்கு ஒன்றிரண்டு முறை மாற்ற வேண்டும். கட்டு ஒட்டிக்கொண்டால் பிய்க்கக் கூடாது, நனைத்து எடுக்க வேண்டும். இதை ஒரு நர்ஸ் ஒருமுறை செய்து காட்டினால் வீட்டில் யாரும் கற்றுக்கொள்ளலாம். நீங்களும். அவர் மனைவிக்கு ஒருவேளை அந்த வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தால், நீங்கள் சொல்லும் எந்த ஜோக்கையும்விட அது அந்த வீட்டுக்குப் பெரிய உதவி.

இப்போது வலி. இதில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. புற்றுநோய் வலியைப் பெரும்பாலானவர்களுக்கு நன்றாகக் கட்டுப்படுத்த முடியும். எப்படி என்று உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே எழுதி வைத்துவிட்டது: முடிந்தவரை வாய் வழியாக, கடிகாரத்தைப் பார்த்து. வலி வந்த பிறகு மாத்திரை என்பது தவறு; வருவதற்கு முன்னாலேயே அடுத்த வேளை உள்ளே போயிருக்க வேண்டும். சாதாரண மாத்திரை கேட்காத வலிக்கு மார்பின், அபினியிலிருந்து எடுக்கும் வலி மருந்து. சாதாரண மார்பின் மாத்திரையின் வேகம் நான்கு மணி நேரம்தான். அதனால் நான்கு மணிக்கு ஒருமுறை கொடுத்து, இரவில் தூக்கம் கெடாமல் இருக்கப் படுக்கும்போது கூட்டிக் கொடுக்கச் சொல்வார்கள். குழாய் போட்டிருந்தால் பொடித்துக் கரைத்து அதன் வழியாகவே கொடுக்கலாம். நரம்பு வலிக்கு வேறு மாத்திரை சேர்ப்பார்கள். வலியைக் குறைக்க மட்டும் சில நாள் கரண்ட் வைப்பதும், அதாவது கதிர்வீச்சு கொடுப்பதும் உண்டு. "இனி வைத்தியம் இல்லை" என்று உங்களிடம் சொன்னது அரைகுறைப் பேச்சு. நோயைக் குணமாக்கும் வைத்தியம்தான் முடிந்தது.

மார்பின் என்றதும் வீடுகளில் மூன்று பயம் வரும். அடிமையாகிவிடுவார், அது கடைசி மருந்து, அது ஆளைச் சீக்கிரம் முடித்துவிடும். புற்றுநோய் வலிக்கு டாக்டர் சொன்ன அளவில் சாப்பிடுகிறவர் போதைக்கு அடிமையாவது மிக அபூர்வம். மாதக்கணக்கில் சாப்பிட்டு நடமாடிக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும். சரியான அளவில் கொடுத்தால் அது ஆயுளைக் குறைப்பதில்லை. முதல் இரண்டு மூன்று நாள் தூக்கமும் குமட்டலும் வரலாம், போய்விடும். மலச்சிக்கல் மட்டும் போகாது. அதனால் மார்பின் ஆரம்பிக்கிற அன்றே பேதி மாத்திரையும் ஆரம்பிக்க வேண்டும். இதை விட்டுவிட்டு, வயிறு உப்பி, "இந்த மாத்திரையே வேண்டாம்" என்று நிறுத்தி, பழைய வலிக்கே திரும்பியவர்கள் நிறைய. 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தால் இந்த மாத்திரை கிடைப்பதே பெரிய பாடாக இருந்தது. 2014-இல் சட்டத்தைத் திருத்தி மருத்துவத் தேவைக்கு வழியை எளிதாக்கினார்கள். இன்றும் தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் கிடைக்காது. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில்தான் கிடைக்கும்.

அடுத்தது, சொல்வதா வேண்டாமா. இங்கே எனக்கு உறுதி குறைவு. எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது என்பது மட்டும் உறுதி. வீட்டில் சொல்வார்கள், "சொன்னா உடைஞ்சிடுவாரு சிஸ்டர்." மனைவி காபி போட உள்ளே போன நேரம் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குத் தெரியும் சிஸ்டர், அவகிட்ட சொல்லிடாதீங்க, தாங்க மாட்டா" என்பார். இரண்டு பேரும் ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு பத்துக்குப் பத்து அறையில் வாழ்கிற வீடுகள் எனக்குப் புதிதல்ல. நம் பக்கத்தில் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு என்று சீட்டு எழுதிக் கொடுத்தாலே என்ன நோய் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கரண்ட் வைத்த பிறகு தெரியாமல் இருப்பது இன்னும் கஷ்டம். ஆகவே உங்கள் நண்பருக்கு ஒன்றுமே தெரியாது என்று நான் நம்பவில்லை. எவ்வளவு தெரியும் என்பதை அவர் வாயால்தான் கேட்க வேண்டும்.

நீங்களாகப் போய்ச் சொல்லாதீர்கள். அது உங்கள் வேலை இல்லை; அந்தக் குடும்பத்துக்கும் உங்களுக்கும் நடுவே அதனால் சண்டை வரும். கேளுங்கள். "டாக்டர் என்னடா சொன்னாரு? உனக்கு என்ன தோணுது?" அவ்வளவுதான். சிலர் பேச்சை மாற்றுவார்கள். விட்டுவிடுங்கள், பேச விரும்பாததும் அவர் உரிமை. சிலர் நேராகவே கேட்பார்கள்: "மச்சான், நான் பொழைக்க மாட்டேன்ல?" அந்த நேரத்தில் பெரும்பாலானவர்கள் செய்வது, "சும்மா இருடா, ஒண்ணும் ஆகாது" என்று வாயை அடைப்பது. அன்பில்தான் சொல்கிறோம். ஆனால் அதோடு அவர் அந்தக் கேள்வியை வேறு யாரிடமும் கேட்க மாட்டார். அதற்குப் பதில், "ஏன்டா கேக்குற? என்ன பயமா இருக்கு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். வருகிற பதில் பல சமயம் சாவைப் பற்றி இருக்காது. பொண்ணு பன்னிரண்டாவது படிக்கிறா, வாடகை அட்வான்ஸ் யார் பேரில் இருக்கு, ராத்திரி மூச்சு அடைச்சிடுமோ, இப்படித்தான் இருக்கும். இவற்றில் பாதிக்கு உங்களால் ஏதாவது செய்ய முடியும். அவர் மனைவியிடம் தனியாக ஒரு வார்த்தை: "அக்கா, அவன் கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா நானா எதையும் ஆரம்பிக்க மாட்டேன்." இந்த அளவுக்குப் பெரும்பாலான குடும்பங்கள் ஒத்துக்கொள்கின்றன.

எத்தனை நாள் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அந்தக் கணக்கை நம்பி எதையும் தள்ளிப்போடாதீர்கள். 2000-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் சிகாகோ டாக்டர்களின் கணிப்புகளைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. ஐந்தில் ஒரு கணிப்புதான் ஏறக்குறைய சரி. தவறியவற்றில் பெரும்பாலானவை, நோயாளி இருந்ததைவிட அதிக நாள் இருப்பார் என்று சொன்னவை. நோயாளியோடு நீண்ட நாள் பழகிய டாக்டர்களின் கணிப்பு இன்னும் அதிகம் தவறியது. பிடித்தவர் இன்னும் கொஞ்ச நாள் இருப்பார் என்று மனசு கூட்டிச் சொல்கிறது. நாங்கள் கைக்கணக்காக ஒன்று வைத்திருக்கிறோம்: மாதத்துக்கு மாதம் தளர்ந்தால் மாதங்கள், வாரத்துக்கு வாரம் தளர்ந்தால் வாரங்கள், நாளுக்கு நாள் என்றால் நாட்கள். இதுவும் தோராயம்தான். வாய்ப் புற்றில் ரத்தக்கசிவோ நுரையீரலில் சளிக் காய்ச்சலோ வந்தால் எல்லாக் கணக்கும் மாறிவிடும்.

படத்தில் ஆனந்துக்குக் கல்யாணம் ஆகவில்லை. நண்பரான டாக்டர் வீட்டிலேயே தங்கிவிடுகிறார். கடன், சீட்டு, சுய உதவிக் குழு லோன் எதுவும் கிடையாது. உங்கள் நண்பருக்கு இதெல்லாம் இருக்கும். என் அனுபவத்தில் கடைசி மாதங்களில் ஒரு ஆண்பிள்ளையைத் தூங்கவிடாமல் செய்வதில் வலிக்கு அடுத்தது இதுதான். இங்கே ஒரு நண்பன் செய்யக்கூடியதை மனைவியால் செய்ய முடியாது, ஏனென்றால் அவரிடம் அதைப் பேசவே இவருக்கு வாய் வராது. பேங்க் பாஸ்புக்கில் நாமினி பெயர் இருக்கிறதா, நல வாரிய அட்டை இருந்தால் புதுப்பித்திருக்கிறதா, யாரிடம் எவ்வளவு கொடுக்கல் வாங்கல், சீட்டு எத்தனை மாதம் பாக்கி. ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு போய், "வாடா, கணக்குப் பார்க்கலாம்" என்று உட்காருங்கள். அவருக்குப் பேச முடியாவிட்டால் எழுதட்டும். அந்த நோட்டை அவர் கையாலேயே மனைவியிடம் கொடுக்கச் செய்யுங்கள்.

சிரிப்பும் இதற்குள்ளேயே வரும், தனியாகக் கொண்டுபோக வேண்டாம். கேரம் ஆடிய பழக்கம் என்று எழுதியிருந்தீர்கள். போர்டைக் கட்டில் பக்கத்தில் வைத்து ஆடுங்கள். வேண்டுமென்றே தோற்காதீர்கள், உடனே கண்டுபிடித்துவிடுவார். ஷேவ் பண்ணிவிடுங்கள், கன்னத்துப் புண்ணைச் சுற்றி மெதுவாக. ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டாம், சோர்ந்துவிடுவார். அடிக்கடி போவது நல்லது. அழுகை வந்தால் அழலாம், அதனால் அவருக்கு ஒன்றும் ஆகிவிடாது. இந்தப் படத்தை அவருக்குக் காட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அவராகக் கேட்காமல் காட்டாதீர்கள். ஆனந்தைப் போல் இருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம் என்று அவர் நினைத்துவிட்டால், வலிக்கிறது, பயமாக இருக்கிறது என்று நம்மிடம் சொல்வதை நிறுத்திவிடுவார்.

எங்கே போவது? ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி உங்களுக்குப் பக்கம்; நோய் ஆதரவு, வலி சிகிச்சைப் பிரிவைக் கேளுங்கள். அடையாறில் பார்த்திருந்தால் அங்கே கொடுத்த சிகிச்சை நோட்டோடு அங்கேயே கேட்கலாம். ஆகஸ்ட் 2021-இல் தமிழக அரசு ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவத்தில், பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு, படுத்திருக்கும் நோயாளிகளுக்கு வீட்டுக்கே வந்து செய்யும் நோய் ஆதரவு சிகிச்சையும் உண்டு. உங்கள் வட்டாரத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்க வேண்டும். வீட்டில் சமாளிக்க முடியாத நிலை வந்தால், மணலி பக்கம் மாத்தூரில் ஜீவோதயா என்ற இல்லம் புற்றுநோயாளிகளுக்காகவே இருக்கிறது. அங்கே சேர்ப்பது கைவிடுவது ஆகாது. மாடிப்படி குறுகலான வீடுகளில், மழைக்குத் தண்ணீர் நிற்கிற தெருக்களில், கடைசி நேரத்தில் ஸ்ட்ரெச்சர் நுழையாமல் தவிப்பதைவிட முன்கூட்டியே யோசிப்பது நல்லது.

கடைசி நாட்களைப் பற்றிக் கொஞ்சம். சாப்பாடு குறையும், கட்டாயப்படுத்தி ஊற்றினால் புரையேறும். தொண்டையில் கரகரவென்று சத்தம் வரும். பக்கத்தில் இருப்பவருக்கு அது பயங்கரமாக இருந்தாலும், நினைவு மங்கிய நிலையில் அது அவரை வருத்துவதில்லை என்றே கருதுகிறோம். கழுத்துப் புண் ஆழமாக உள்ள சிலருக்கு மட்டும் திடீரென்று நிறைய ரத்தம் வரலாம். அடர் நிறத் துண்டுகளை எட்டும் தூரத்தில் வைத்திருக்கச் சொல்வோம். வெள்ளைத் துணியில் ரத்தம் பார்ப்பவரைக் குலைத்துவிடும். உங்கள் நண்பருக்கு அந்த வாய்ப்பு உண்டா என்று நர்ஸிடம் முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், அந்த நேரத்தில் நீங்கள் பக்கத்தில் இல்லாமல் போகலாம். படத்திலும் பாஸ்கர் மருந்து தேடி வெளியே போயிருக்கும்போதுதான் நண்பன் போய்விடுகிறான். ராத்திரி பகலாக உட்கார்ந்திருந்தவர் டீ குடிக்க இறங்கிய பத்து நிமிஷத்தில் அப்படி நடப்பது எங்களுக்குப் பழக்கமான விஷயம். யாருடைய தவறும் இல்லை.

இன்று சாயங்காலம் போங்கள். ராத்திரி தூக்கம் வருகிறதா என்று அவரிடம் கேளுங்கள். மாத்திரை எந்தெந்த மணிக்குக் கொடுக்கிறார்கள் என்று அவர் மனைவியிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "வலிச்சா கொடுக்கிறேன்" என்று பதில் வந்தால், நாளைக் காலை அந்தத் தாளையும் கேஸ் ஷீட்டையும் எடுத்துக்கொண்டு ஸ்டான்லி ஓபிக்குப் போங்கள். அவரால் வர முடியாது என்று சொல்லி, என்ன செய்யலாம் என்று கேளுங்கள்.